ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: ஐ5-6500, எச்110 போர்டு

முத்துநகர்_கணக்கர்

வணக்கம். தூத்துக்குடியில் வீட்டில் இருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். நேற்று மாலை கரண்ட் போய்விட்டு, ராத்திரி வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்" மட்டும்தான். சில நொடியில் தானே அணைந்து, மறுபடி தானே ஆன் ஆகிறது. அப்படியே திரும்பத் திரும்ப நடக்கிறது. பீப் சத்தம் எதுவும் இல்லை.

பக்கத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஹீட் சிங்க்கை (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலர்) கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சு, இந்தப் போர்டு இப்ப கிடைக்காது, போர்டு, ப்ராசஸர், ரேம் மூணும் மாத்தணும்" என்றார்கள். எதையும் மாற்றாமல் மெஷினைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

ஐ5-6500 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, மகன் கேம் விளையாடப் போட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, விண்டோஸ் 10 இருக்கும் எஸ்எஸ்டி, டேலி டேட்டா இருக்கும் 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி). 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். கடைசியாக எடுத்த பேக்கப் பழசு. என்ன செய்யலாம்?

பழைய_போர்டு

முதலில் பதற்றத்தைக் குறைக்க ஒரு விஷயம் மேடம். உங்கள் டேட்டா அநேகமாகப் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி, ஹார்டு டிஸ்க்கைத் தேடும் கட்டத்துக்கு முன்பே மெஷின் நின்றுபோவதைக் காட்டுகிறது. அந்த டிஸ்க்கைக் கழற்றி சாட்டா-யுஎஸ்பி அடாப்டர் மூலம் எந்த லேப்டாப்பிலும் படிக்கலாம். உங்களுடையது 3.5 அங்குல டிஸ்க்காகத்தான் இருக்கும். அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டரோடு வரும் வகையை வாங்குங்கள், யுஎஸ்பி கரண்ட் மட்டும் போதாது. டேலி டேட்டா ஃபோல்டருக்குள் எண் பெயரோடு இருக்கும் கம்பெனி ஃபோல்டர்களை அப்படியே நகல் எடுங்கள். கெடு நெருங்குவதால் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். எந்தக் கடையில் கொடுத்தாலும் டிஸ்க் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

இனி மெஷின். ஃபேன் சுற்றுவதால் நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: 12 வோல்ட் வருகிறது. அதற்கு அப்புறம் ஒரு வரிசை இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைத்தவுடன், அரை நொடிக்குள், சாம்பல் நிற வயர் வழியாக "பவர் சரி" என்ற சிக்னலை அனுப்பும். அது வந்த பிறகுதான் ப்ராசஸர் கண் விழிக்கும். போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கும், ரேமைச் சோதிக்கும், பிறகு கிராபிக்ஸ், அதற்கும் பிறகுதான் டிஸ்க். எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் போர்டு போச்சு என்று சொல்வது ஊகம்தான்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? பீப் அடிக்கும் கேபினெட் ஸ்பீக்கர் இருக்கிறதா? போர்டின் மேல் இடது மூலையில், ப்ராசஸருக்குப் பக்கத்தில் போகும் 4 பின் அல்லது 8 பின் கேபிள் நன்றாகச் சொருகியிருக்கிறதா? அது கழன்றிருந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், டிஸ்ப்ளே மட்டும் வராது. கடையில் ஹீட் சிங்க்கைக் கழற்றியிருப்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

நெல்லை_நெட்

ரேமைக் கழற்றி, ரப்பர் வைத்துத் தேய்த்துப் போடுங்க மேடம். பத்தில் ஒன்பது கேஸ் அதிலேயே சரியாகிவிடும். கடற்கரை ஊர் வேற.

சாலிடர்_சேலம்

ரேம் மேல் சந்தேகப்படுவதில் நானும் உடன்படுகிறேன், ரப்பரில்தான் உடன்பாடு இல்லை. ரேமின் தங்க முலாம் மைக்ரான் கணக்கில் இருக்கும் மெல்லிய பூச்சு. பள்ளிக்கூட ரப்பரில், அதுவும் இங்க் ரப்பரில், மணல் போன்ற பொடி கலந்திருக்கும். ஒரு தடவை தேய்த்தால் பளிச்சென்று ஆகும், மெஷினும் ஓடும். ஆனால் முலாம் போன இடத்தில் அடியில் உள்ள உலோகம் உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம் கறுக்கும். ஆறு மாதத்தில் அதே மெஷின் திரும்பி வரும். போதாததற்கு ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து கான்டாக்ட்டுக்கு நடுவே உட்கார்ந்துவிடும்.

மெடிக்கலில் அல்லது எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள், பத்து நிமிடம் காய விடுங்கள். செலவு கொஞ்சம்தான்.

நெல்லை_நெட்

சரிங்க, வழக்கமா எல்லாரும் செய்றதைத்தான் சொன்னேன். ஆல்கஹால் கிடைச்சா அதுதான் நல்லது, ஒத்துக்கறேன். கிடைக்கலைன்னா வெறுமனே கழற்றிக் கழற்றிச் சொருகினாலே கான்டாக்ட் உராய்ந்து சுத்தமாகும்.

முத்துநகர்_கணக்கர்

டேட்டாவை நகல் எடுத்துவிட்டேன், மனசு லேசாச்சு. தெரு முனையில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் தம்பியிடம் மல்டிமீட்டர் வாங்கினேன். ஸ்பீக்கர் கேபினெட்டில் இல்லை, ஒன்று வாங்கிவிட்டேன், சின்னக் கருப்பு உருளை போல இருக்கிறது. ப்ராசஸர் பக்கத்துக் கேபிளைக் கழற்றி மாட்டியும் பார்த்தேன், அதே நிலைதான்.

எதை எப்படி அளக்க வேண்டும்?

பழைய_போர்டு

நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வெள்ளை நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை கருப்பு வயரில் வையுங்கள், சிவப்பு முனையை மஞ்சளில் வைத்தால் 12 வோல்ட், சிவப்பு வயரில் வைத்தால் 5 வோல்ட் காட்டும். 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்: 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை சரி. மெஷின் ஆன் ஆகி அணையும் அந்தச் சில நொடியில் அளவு இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள்.

இணையத்தில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை ஓட வைத்துச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகிறதா என்பது மட்டும்தான் தெரியும், சுமை வந்தால் தாங்குமா என்பது தெரியாது. முக்கியமாக எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேராக்கினால் சுமார் 325 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

அடுத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியைக் கழற்றி அளந்து சொல்லுங்கள். சிஆர்2032, புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும்.

புது_ரைசன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே அறிகுறி, ஆனால் மெஷின் வேறு. பி450 போர்டில் ரைசன் 3 2200ஜி ப்ராசஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ரைசன் 5 5600 போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. மானிட்டர் கேபிள் பழையபடி போர்டிலேயே இருக்கிறது.

சாலிடர்_சேலம்

உங்களுக்கு இரண்டு காரணம் ஒன்றாகவே இருக்கலாம் தம்பி. 2200ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, 5600-ல் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டு, கேபிளைக் கார்டில் மாட்டாமல் படம் வராது. அடுத்தது பயாஸ். பி450 போர்டுகள் 2018-ல் வந்தவை, ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது. பழைய பயாஸுக்கு உங்கள் ப்ராசஸர் யார் என்றே தெரியாது. பழைய 2200ஜி-யைத் திருப்பிப் போட்டு, போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் ப்ராசஸருக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று பார்த்து ஏற்றிவிட்டு மாற்றுங்கள். சில போர்டுகளில் ப்ராசஸரே இல்லாமல் பென் டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் பின்பக்கம் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ப்ராசஸரை மாற்றினால் அதற்குள் இருக்கும் டிபிஎம்மும் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மாறும். அதை ரீசெட் செய்யலாமா என்று பயாஸ் கேட்கும், ஒய் (Y) அல்லது என் (N) அழுத்தச் சொல்லும். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் ஒய் அழுத்தாதீர்கள். விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால் நீங்கள் கேட்காமலேயே அது ஆன் ஆகியிருக்கலாம். கணக்கில் போய்ப் பாருங்கள், எண் அங்கே இருக்கும்.

முத்துநகர்_கணக்கர்

அளந்துவிட்டேன். மஞ்சள் 12.08, சிவப்பு 5.03. அணையும் நொடி வரை அளவு ஆடவில்லை. பேட்டரி 2.1 வோல்ட்தான் காட்டுகிறது. இதுதான் காரணமா?

பழைய_போர்டு

பேட்டரி செத்துவிட்டது, புதிது போடுங்கள். ஆனால் முழுக் காரணம் அது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பேட்டரி இல்லாமலேயே பெரும்பாலான போர்டுகள் ஓடும், தேதியும் பயாஸ் அமைப்பும்தான் மறந்துபோகும்.

கரண்ட் போனதற்கும் இதற்கும் தொடர்பு இப்படித்தான். பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, மெஷின் ஆஃப் ஆக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பயாஸ் நினைவை அது தாங்கும், பேட்டரிக்கு வேலையே இல்லை. கரண்ட் முழுசாகப் போன அந்தச் சில மணி நேரம்தான் பேட்டரி தாங்க வேண்டும், அதனால் முடியவில்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும், நேற்றுதான் வெளியே தெரிந்தது. அமைப்பு அழிந்தபின் பல போர்டுகள் ரேமை முதலிலிருந்து மறுபடி சோதித்து வேகம் நிர்ணயிக்கும். ஏற்கெனவே அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த ரேம் அந்தச் சோதனையில் தோற்றால், மெஷின் அணைந்து அணைந்து ஆன் ஆகும். உங்கள் அறிகுறியும் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கிராபிக்ஸ் கார்டு, இரண்டு டிஸ்க், யுஎஸ்பியில் இருக்கும் பிரிண்டர், டாங்கிள், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இரண்டு ரேமையும் கழற்றுங்கள். புதுப் பேட்டரி, ஸ்பீக்கர், ப்ராசஸர், ஹீட் சிங்க் மட்டும் இருக்கட்டும். ஆன் செய்து காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

ரேமே இல்லாத மெஷின் பீப் அடித்துப் புகார் சொன்னால், ப்ராசஸர் உயிரோடு இருக்கிறது, பயாஸை அது படித்திருக்கிறது, போர்டின் முக்கால் பங்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை என்றால்தான் போர்டு, ப்ராசஸர் பக்கம் போக வேண்டும்.

முத்துநகர்_கணக்கர்

அடிக்கிறது! நீளமாக ஒரு பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நீளமாக. வீட்டில் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள்.

சாலிடர்_சேலம்

அப்போ போர்டு சாகவில்லை. இனி ஒரு ரேம், ஒரு ஸ்லாட் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்களிடம் இரண்டு ரேம், எச்110-ல் இரண்டே ஸ்லாட், ஆக மொத்தம் நாலு சேர்க்கை. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழம்பும். துடைத்துவிட்டுப் போடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பூட்டு இருக்கும் முனையில் "டக்" என்று விழும் வரை அழுத்துங்கள். அரைகுறையாக உட்கார்ந்த ரேம் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.

மானிட்டர் கேபிளை இந்தத் தடவை போர்டில் மாட்டுங்கள். ஐ5-6500-க்குள் கிராபிக்ஸ் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடமாவது காத்திருங்கள், ரேமைச் சோதித்து முடிக்க நேரம் எடுக்கும். புது டிடிஆர்5 மெஷின்களில் முதல் தடவை பல நிமிடம்கூட இருட்டாகவே நிற்கும். பொறுக்காமல் நடுவில் அணைத்துவிட்டு "செத்துப்போச்சு" என்று கொண்டுவருபவர்கள் நிறையப் பேர்.

முத்துநகர்_கணக்கர்

தாளில் எழுதியதை அப்படியே தருகிறேன். ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதை முதல் ஸ்லாட் என்கிறேன்.

முதல் ரேம், முதல் ஸ்லாட்: அணைந்து அணைந்து ஆன் ஆகிறது. முதல் ரேம், இரண்டாம் ஸ்லாட்: டிஸ்ப்ளே வந்தது. இரண்டாம் ரேம், முதல் ஸ்லாட்: வரவில்லை. இரண்டாம் ரேம், இரண்டாம் ஸ்லாட்: வந்தது.

ஆனால் டிஸ்க்குகளை மாட்டியபின் புதுப் பிரச்சினை. "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று கருப்புத் திரையில் வந்து நிற்கிறது. விண்டோஸ் போய்விட்டதா?

நெல்லை_நெட்

விண்டோஸ் எங்கேயும் போகல மேடம். பேட்டரி போனதால பயாஸ் எல்லாத்தையும் மறந்துட்டு, டேட்டா டிஸ்க்கைத் திறந்து அதில விண்டோஸைத் தேடுது. டெலீட் பட்டனைத் தட்டித் தட்டி பயாஸுக்குள்ள போங்க. பூட் பக்கத்துல "ஹார்டு டிஸ்க் ப்ரையாரிட்டி" மாதிரி ஒரு வரி இருக்கும், அதுல எஸ்எஸ்டியை மேல கொண்டுவாங்க. பூட் வரிசையும் இந்த ப்ரையாரிட்டியும் வேற வேற இடம், அதைத்தான் பலர் கவனிக்காம விட்டுடறாங்க. தேதி, நேரத்தையும் சரிசெய்ங்க. தேதி தப்பா இருந்தா ஜிஎஸ்டி தளமே திறக்காது, பாதுகாப்புச் சான்றிதழ் பிழைன்னு பிரவுசர் நிறுத்திடும்.

பழைய_போர்டு

அதிலும் வரவில்லை என்றால் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற அமைப்பைப் பாருங்கள். பழைய முறையில், எம்பிஆர் என்ற பழைய வகைப் பிரிப்பு உள்ள டிஸ்க்கில் ஏற்றிய விண்டோஸுக்கு அது ஆன் ஆக இருக்க வேண்டும், யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் ஏற்றியதற்கு வேண்டியதில்லை. டிஸ்க் இணைப்புக்கான சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ என்று இருக்கட்டும். எது சொன்னாலும் "விண்டோஸைப் புதிதாகப் போடலாம்" என்பதற்கு மட்டும் இப்போது சம்மதிக்காதீர்கள்.

முத்துநகர்_கணக்கர்

விண்டோஸ் வந்துவிட்டது! நெல்லைக்காரர் சொன்னபடி எஸ்எஸ்டி இரண்டாவதாக இருந்தது. மேலே மாற்றியதும் நேராக டெஸ்க்டாப். டேலி திறந்தது, 8 ஜிபியே இப்போதைக்குப் போதும். 3பி வேலையை முடித்துவிட்டு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் மனசார நன்றி.

சாலிடர்_சேலம்

வேலையை முடியுங்கள். அப்புறம் முதல் ஸ்லாட்டைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு ரேமும் நல்லது, முதல் ஸ்லாட்டில் மட்டும் இரண்டுமே தோற்கின்றன. ஸ்லாட் அழுக்காக இருக்கலாம். ஆனால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ரேமை நிர்வகிக்கும் பகுதி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டின் 1151 பின்களில் ஒன்றிரண்டு சரியாகத் தொடாவிட்டால் ஒரு பக்க ஸ்லாட் மட்டும் வேலை செய்யாமல் போகும். ஹீட் சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்தினாலும் இதே விளைவு வரும்.

கடையில் ஹீட் சிங்க்கைக் கழற்றினார்கள் என்றீர்களே. இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் காலும் முழுசாகப் போர்டுக்குள் இறங்கியிருக்கிறதா? டார்ச் அடித்து, முடிந்தால் போர்டின் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வெள்ளைக் கால் விரிந்து, நடுவில் கருப்பு ஊசி வெளியே தெரிய வேண்டும்.

முத்துநகர்_கணக்கர்

தாக்கல் முடிந்தது. கூலரைப் பார்த்தேன். ரேம் பக்கத்துக் கால் ஒன்று இறங்கவே இல்லை, விரலால் தொட்டாலே ஆடுகிறது. கழற்றினால் ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் ஓர் ஓரத்தில் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது, மறு ஓரத்தில் உலோகம் அப்படியே தெரிந்தது. துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நாலு காலையும் குறுக்கு வாட்டத்தில் இரண்டிரண்டாக அழுத்தினேன். அப்படியே முதல் ஸ்லாட்டைச் சின்ன பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பிரஷ்ஷில் சாம்பல் நிறமாக ஏதோ வந்தது. இப்போது இரண்டு ஸ்லாட்டும் ஓடுகின்றன, 16 ஜிபி காட்டுகிறது.

சாலிடர்_சேலம்

அருமை. கடைக்குப் போவதற்கு முன்பே கோளாறு வந்துவிட்டது, ஆகவே முதலில் கான்டாக்ட்டில்தான் பிரச்சினை இருந்திருக்க வேண்டும். கூலர் கால் அதோடு சேர்ந்ததா, இல்லை அதற்குத் தனியாகப் பங்கு உண்டா என்பதை இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்தபின் சொல்ல முடியாது. எப்படியானாலும் அந்தக் கால் அப்படியே இருந்திருந்தால் ப்ராசஸர் சூடாகி வேறு தொல்லை வந்திருக்கும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. கணக்கு வேலையில் ரேம் பிழை கண்ணுக்குத் தெரியாமல் எண்ணை மாற்றிவிடும், அதனால் இதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

புது_ரைசன்

என்னுடையதும் சரியாகிவிட்டது. பழைய ப்ராசஸரைப் போட்டுப் பயாஸ் ஏற்றினேன், நண்பனின் கார்டை வாங்கி மாட்டினேன், படம் வந்தது. பிட்லாக்கர் எண்ணை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். முதல் தடவை ஆன் செய்தபோதே அதைக் கேட்டது. அண்ணன் சொல்லாவிட்டால் மாட்டியிருப்பேன்.

முத்துநகர்_கணக்கர்

மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடி முடிந்தது, பிழை பூஜ்யம். கடைசியாக இரண்டு கேள்வி. இந்த மெஷினை இன்னும் எத்தனை காலம் நம்பலாம்? யுபிஎஸ் எது வாங்கலாம்?

பழைய_போர்டு

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ்தான் பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். உங்கள் ஆறாம் தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டும் பான் எண்ணும் இருக்கும் மெஷின் என்பதால், அந்தத் தேதிக்குள் மாற்றத் திட்டமிடுங்கள். ஆனால் நிதானமாக விலை பார்த்து வாங்க இப்போது அவகாசம் இருக்கிறது.

யுபிஎஸ் 600 விஏ போதும், மெஷினையும் மானிட்டரையும் தாங்கும். பத்து நிமிடம் கிடைத்தால் டேலியை மூடி, பேக்கப் எடுத்து, அணைத்துவிடலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகாதீர்கள். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்ட்டில் யுபிஎஸ் அலறிக்கொண்டு அணைந்துவிடும்.